ஒரே குலுக்கல், அப்புறம் கப்சிப்!

வேகத்தடை ஏறி இறங்கியதற்காக யாராவது கைதட்டுவார்களா? நான் தட்டினேன். இரண்டு கையாலும் தட்டினேன், பக்கத்தில் இருந்த மச்சான் பதறிப்போய் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜவ்வாது மலைக்குப் போகிற சாலையில் ஒரு சாதா வேகத்தடை அது. வெள்ளைக்கோடு எப்போதோ அழிந்துபோய், நம்ம ஊர் வழக்கப்படி மேலே ஏறின பிறகுதான் இருப்பதே தெரியும். முன்பெல்லாம் அதில் ஏறினால் என் வண்டி ஒரு தரம் தூக்கிப் போடும், அப்புறம் தூக்கிப் போட்டதை நினைத்து நினைத்து அடுத்த டீக்கடை வரைக்கும் ஆடிக்கொண்டே போகும். அன்றைக்கு ஏறியது, இறங்கியது, ஒரே ஒரு குலுக்கல், அப்புறம் கப்சிப்! நான் வண்டியை ஓரங்கட்டி, திருப்பி எடுத்துக்கொண்டு வந்து, அதே வேகத்தடையில் மறுபடி ஏறினேன். மறுபடியும் கப்சிப். "மாமா, ஊர்ல எல்லாரும் பாக்குறாங்க"ன்னு மச்சான் கெஞ்சினான். பார்க்கட்டுமே! இதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்க்கப் போகிறார்கள்?

என்ன வண்டி என்று இன்னும் சொல்லவே இல்லை பாருங்கள், சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு! நம்ம மெட்ராஸ் வண்டி! அம்பாசடர் என்றால் கல்கத்தா பக்கத்து உத்தர்பாரா, ஃபியட் என்றால் பம்பாய் குர்லா, ஹெரால்டு என்றால் வண்டலூருக்குப் பக்கத்தில் பெருங்களத்தூர். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று 1948-ல் தொடங்கிய கம்பெனி, 1961-லிருந்து இந்த வண்டியைச் செய்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அறிமுகம் செய்தார்கள், அதற்கு முன்னாலேயே மாதிரி வண்டிகளை ஆப்பிரிக்காவின் தெற்கே இருக்கிற கேப் டவுனிலிருந்து வடக்கே இருக்கிற டான்ஜியர் வரைக்கும் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். உடம்பை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. அந்த முகப்பைப் பாருங்கள், பின்னால் கூர்ந்து நிற்கிற அந்த மட்கார்டு முனையைப் பாருங்கள், 948 சிசி எஞ்சினுக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று கேட்கத் தோன்றும். பானெட்டைத் திறந்தால் மூடி மட்டும் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து முன்பக்கம் முழுசாக முன்னால் கவிழும், நீங்கள் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைத் திருகலாம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். 25 அடி சார்! இன்றைக்கு வருகிற சின்ன கார்களே அதற்குள் திரும்பத் திணறும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முன்பக்கம் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடுதான்: மேலும் கீழும் விஷ்போன், நடுவில் சுருள் ஸ்பிரிங், அந்தச் சுருளுக்குள்ளேயே ஷாக் அப்சார்பர் என்கிற ஷாக். பின்பக்கம்தான் விவகாரம். ஹெரால்டுக்குப் பின்னால் ஒரே தண்டான ஆக்சில் கிடையாது. டிஃபரன்ஷியலை சேஸியோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள், அதன் தலைமேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் கட்டு, இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரைக்கும். இரண்டு பக்கமும் அரை ஆக்சில் ஒவ்வொன்றும் உள்முனையில் மட்டும் கிராஸ் ஜாயின்டில் தொங்கி, மேலும் கீழும் வீசும். சக்கரம் ஆக்சிலுக்கு எப்போதும் நேர்க்குத்தாக நிற்பதால், வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பினால் இரண்டு சக்கரமும் அடிப்பக்கம் உள்ளே மடங்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது பயந்து ஆக்சிலேட்டரை விட்டீர்களோ, பின்பக்கம் எழும்பும், வெளிச் சக்கரம் மடங்கும், டயர் விளிம்பில் நிற்கும், வால் வீசும். இது ஹெரால்டின் குற்றம் மட்டும் இல்லை; பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கும் இதே ஏற்பாடுதான், ஆரம்ப கால ஷெவர்லே கோர்வேருக்கும் இதேதான், அதை வைத்துத்தான் 1965-ல் ரால்ஃப் நேடர் அமெரிக்காவையே அதிரவைத்த தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை எழுதினார். இங்கே நம்ம மெக்கானிக்குகளும் அந்த வீசும் ஆக்சிலைத் திட்டித் தீர்த்தார்கள், 1972-ல் அடுத்த மாடலான கெசல் வந்தபோது கம்பெனியே அதை எடுத்துவிட்டு ஒரே தண்டு ஆக்சில் போட்டுவிட்டது.

நான் சொல்கிறேன், அந்தக் கெட்ட பெயரில் பாதி செத்துப்போன ஷாக்குகளின் பாவம்! இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் குதிக்கிறேன். வண்டியின் பின்பக்கம் எழும்பினால்தானே சக்கரம் மடங்கும்? எழும்புகிற வேகத்தைப் பிடித்து அடக்குவது யார்? ஷாக்தானே! எண்ணெய் ஒழுகி, சீல் கிழிந்து, உள்ளே வெறும் காற்றை வைத்துக்கொண்டு ஓடுகிற ஹெரால்டை ஓட்டிப் பார்த்துவிட்டு ஆக்சில் சரியில்லை என்று எத்தனை பேர் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள்!

என் வண்டியும் அப்படித்தான் இருந்தது. மாமனார் காலத்து இரண்டு கதவு ஹெரால்டு, அறுபதுகளில் வந்தது. மழைக்காலத்தில்கூட ஓடும், எஞ்சின் தங்கம், ஆனால் ஜவ்வாது மலை என்றால் மட்டும் என் மனைவி "நீங்க பஸ்ல போங்க, நான் வீட்ல இருக்கேன்" என்பாள். அவள் அப்பா வாங்கிய வண்டி அது! மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் முன்பக்கம் மூக்கைக் குத்தும், பின்பக்கம் எழும்பும், நேர்ச்சாலைக்கு வந்த பிறகும் வளைவு முடியாத மாதிரியே வண்டி பக்கவாட்டில் ஆடும். முன் டயர்கள் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்து, கையால் தடவினால் அலை அலையாகத் தட்டும். பின்சீட்டில் குழந்தைகளுக்குப் பாலிதீன் பை கொடுத்துத்தான் உட்காரவைக்க வேண்டும். போதுமா?

போளூர் பக்கத்தில் ஒரு பழைய ஷெட். பெரிய போர்டு எல்லாம் கிடையாது. அங்கே இருக்கிற அண்ணன் சின்ன வயதில் ஹெரால்டு பிரித்து மாட்டியவர். வண்டியைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை, பின் மட்கார்டு மேல் கையை ஊன்றி ஒரு அழுத்து அழுத்தி விட்டார். வண்டி ஆடியது. ஆடியது. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார், இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நல்ல ஷாக் என்றால் கீழே போய், மேலே வந்து, ஒரு சின்ன அசைவோடு நின்றுவிட வேண்டும். யார் வண்டியிலும் நீங்களே அழுத்திப் பார்க்கலாம், காசு செலவில்லாத சோதனை. அப்புறம் அவர் வேலையில் இறங்கினார், நான் பக்கத்திலேயே குந்திக்கொண்டேன். பின் ஷாக்கைக் கழற்றுவதற்கு முன்னால் சக்கரத்துப் பக்கம் ஆக்சில் முனைக்குக் கீழே இன்னொரு ஜாக்கி வைத்தார். "இது இல்லாம போல்ட்ட உருவினா ஆக்சிலு தொபுக்குன்னு தொங்கிடும் சார், இந்த வண்டியில ஷாக்குதான் அதப் புடிச்சு நிறுத்துது" என்றார். எத்தனை பேருக்குத் தெரியும் இது? மேலே ஒரு போல்ட், கீழே ஒரு நட்டு, பின் ஷாக் கையோடு வந்துவிட்டது. முன்பக்கம் கொஞ்சம் பெரிய வேலை, ஸ்பிரிங்கோடு சேர்த்து இறக்கி, ஸ்பிரிங்கை கிளாம்ப் போட்டு அமுக்கி, அதற்குள்ளிருந்து ஷாக்கை உருவ வேண்டும். அந்தக் கிளாம்ப் விஷயத்தில் மட்டும் யாரும் சாமர்த்தியம் காட்டாதீர்கள், அமுங்கின ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொன்றுவிடும்.

கழற்றின பழைய ஷாக்கை என் கையில் கொடுத்தார். ஒற்றை விரலால் தள்ளினேன், உள்ளே போய்விட்டது! இழுத்தேன், வந்துவிட்டது! அண்ணன் சிரித்தார்: "இது ஷாக்கு இல்ல சார், வாஷர் போன சைக்கிள் பம்பு." இத்தனை வருஷம் இந்த நான்கு பம்புகளை நம்பி நான் மலையேறியிருக்கிறேன்.

புதுசு இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. இந்த சேஸியை ஒட்டித்தான் அங்கே ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜிடி6 எல்லாம் பிறந்தன, அந்த வண்டிகள் மேல் பைத்தியமாகத் திரிகிற கூட்டம் அங்கே இன்னும் இருக்கிறது, அதனால் சாமானும் புத்தம் புதுசாகக் கிடைக்கிறது. நம்ம கம்பெனி மூடி எத்தனை காலம் ஆகியும் நம்ம வண்டிக்கு ஷாக் கிடைக்கிறது என்றால் இந்தப் புண்ணியம்தான். இந்தப் புது ஷாக்கின் பக்கவாட்டில் ஒரு திருகுமுனை இருக்கும், திருகினால் இறுகும், திருப்பினால் தளரும். கேஸ் ஷாக் ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள், தெரியும், எல்லாரும் கேட்கிறார்கள். கேஸ் ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தம் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், வண்டி ஒரு துளி உயரும். மற்ற வண்டிக்கு அது ஒன்றும் இல்லை. ஹெரால்டில் பின்பக்கம் உயர்ந்தால் சக்கரம் மடங்குகிற பழைய கதைக்கு நாமே பிள்ளையார் சுழி போட்டதாகிவிடும்! ஆகவே எண்ணெய் ஷாக்தான்.

மாட்டுவதற்கு முன்னால் அண்ணன் ஒன்று செய்தார், அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். புது ஷாக்கை நேராக நிற்கவைத்து மேலும் கீழும் மெதுவாக இழுத்து இழுத்து அமுக்கினார். முதலில் கொழகொழவென்று ஓட்டையாக இருந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. படுக்கவைத்தே கப்பலில் வந்ததில் உள்ளே காற்று இடம் மாறியிருக்கும், அது வெளியேற வேண்டும் என்றார். இழுக்க இழுக்க இறுக்கம் வந்தது பாருங்கள்! "இப்ப நீங்க இழுங்க" என்றார். இழுத்தேன். வரவில்லை! பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால், ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தத்தோடு, அவசரமே இல்லாமல், தன் இஷ்டத்துக்கு வந்தது. உள்ளே இருப்பது ஒரு பிஸ்டன், சுற்றி எண்ணெய், பிஸ்டனில் பொடி ஓட்டைகள், அவற்றை மூடித் திறக்கிற மெல்லிய தகடுகள், அவ்வளவுதான். அடி வாங்கிய ஸ்பிரிங் அதைத் திருப்பிக் கொடுக்காமல் விடாது. அந்த ஓட்டைகளில் எண்ணெய் நுழைந்து போகத் தவிக்கிற தவிப்பில் ஆட்டம் எல்லாம் சூடாக மாறிக் காற்றோடு போய்விடும். அமுக்குவதைவிட இழுப்பது ஏன் கஷ்டம் என்று கேட்டேன். சக்கரம் மேட்டில் ஏறும்போது விட்டுக்கொடுக்க வேண்டும், ஸ்பிரிங் திருப்பி உதைக்கும்போதுதான் பிடிக்க வேண்டும் என்றார். அந்த ஷெட்டில் அந்த வெயிலில் நான் அந்தத் தண்டை இழுத்து விளையாடிக்கொண்டே இருந்தேன், கடைசியில் பிடுங்கி வாங்கிக்கொண்டுதான் மாட்டினார். முன்னால் கொஞ்சம் தளர்த்தி, பின்னால் இரண்டு கிளிக் இறுக்கி வைத்தோம். நட்டுகளைக் கடைசியாக இறுக்கியது வண்டியைத் தரையில் இறக்கி, நான்கு சக்கரத்தில் நின்ற பிறகு; இல்லையென்றால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இல்லை, படிக்க வேண்டுமே, திறந்தே வைத்துக்கொண்டு நினைத்துப் பாருங்கள். அத்திமூர் தாண்டியாயிற்று, வயல் முடிந்து காடு தொடங்கியாயிற்று, ஜன்னல் கண்ணாடி இறக்கிவிட்டாயிற்று, காற்றில் வெயில் பட்ட புல்வாசனை, சாலை ஏற ஆரம்பிக்கிறது. முதல் கொண்டை ஊசி வளைவு வருகிறது. இரண்டாவது கியர். பழைய பழக்கத்தில் என் முதுகு முன்கூட்டியே இறுகுகிறது, மச்சான் மேலே பிடி தேடுகிறான், பிடி இல்லை, டாஷ்போர்டைப் பிடிக்கிறான். ஸ்டீயரிங்கை ஒடிக்கிறேன், மூக்கு உள்ளே திரும்புகிறது, பின்பக்கம் எழும்பப்போகிறது எழும்பப்போகிறது என்று காத்திருக்கிறேன், எழும்பவில்லை! உட்கார்ந்திருக்கிறது! நான்கு சக்கரமும் ரோட்டில் இருக்கிறது, அதை நான் இடுப்பில் உணர்கிறேன், வெளிச் சக்கரம் தன் முழு அகலத்தையும் தார் மேல் வைத்துக்கொண்டு தள்ளுகிறது, வளைவின் நடுவில் தார் பெயர்ந்து ஒரு குழி, ஐயோ போச்சு என்று நினைக்கிறேன், டப் என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை, குழி பின்னால் போய்விட்டது, வண்டி தன் கோட்டிலேயே போகிறது, அடுத்த வளைவு வருகிறது, அது இடதுபக்கம், எடை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மெதுவாக மாறுகிறது, முன்பு தபால் மூட்டையைத் தூக்கி எறிகிற வேகத்தில் மாறியது, இப்போது நிதானமாக மாறுகிறது, நான் சத்தமாகச் சிரிக்கிறேன், எதிரே இறங்கி வந்த பஸ் டிரைவர் என்னைப் பார்த்து ஹார்ன் அடிக்கிறார், நானும் அடிக்கிறேன், அவர் ஒதுங்கச் சொல்லி அடித்திருக்கலாம், எனக்கு வாழ்த்தாகத்தான் கேட்டது, அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு, ஒவ்வொன்றும் எப்போது வரும் எப்போது வரும் என்று இருக்கிறது, வளைவு முடிந்துவிடுகிறதே என்று வருத்தமாக இருக்கிறது, மச்சானைத் திரும்பிப் பார்க்கிறேன், அவன் டாஷ்போர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான், எடுத்துவிட்டு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறான்! மலை வளைவில், ஹெரால்டில், வேர்க்கடலை! "என்ன மாமா, ஸ்பீடு போங்க" என்கிறான். நான் அப்போதே அழுதிருப்பேன், ரோடு தெரியாதே என்று அடக்கிக்கொண்டேன்.

ஜமுனாமரத்தூர் வந்து சேர்ந்தபோது இடுப்பு வலி இல்லை, யாரும் வாந்தி எடுக்கவில்லை, வண்டியைவிட்டு இறங்கவே மனசில்லை. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் டீக்கடை முன்னால் நிறுத்தினேன். மேலே காற்று குளிர்ச்சி, மரத்தடியில் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார்கள், மலையாளிப் பழங்குடி மக்கள் தேனும் சாமையும் மூட்டை கட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கோமுட்டேரியில் படகு விடுவார்கள், பீமன் அருவியில் குளிப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு என் பின் மட்கார்டை அழுத்தச் சொன்னேன். "எதுக்குங்க?" என்றார். "அழுத்துங்க அண்ணே, சொல்றேன்." அழுத்தினார், வண்டி கீழே போய் மேலே வந்து நின்றது. "நின்னுடுச்சு" என்றார். "அதேதான்!" என்று கத்தினேன். சாமை மூட்டையோடு இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து தானும் அழுத்திப் பார்த்தார், பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டு பேர் நான் கேட்காமலேயே ஏறித் தொங்கினார்கள். மச்சான் தூரமாகப் போய் நின்றுகொண்டு யாருக்கோ போன் பேசுகிற பாவனை செய்தான். இரண்டு சக்கரப் பக்கமும் குனிந்து ஷாக்கைத் தொட்டுப் பார்த்தேன், கதகதவென்று இருந்தது. ஏறின மலை முழுக்க வண்டி ஆட வேண்டிய ஆட்டம் அந்தச் சூட்டில் இருந்தது! அந்தப் பெரியவரின் கையையும் பிடித்து வைத்துக் காட்டினேன். "சூடா இருக்கு, ரிப்பேரா?" என்று கேட்டார் பாவம்.

இறங்கும்போது வந்த வழியே வரலாமா? வரலாம், ஆனால் ஆலங்காயம் பக்கம் இறங்கினால் இன்னும் கொஞ்சம் ஓட்டலாமே! அந்த வழியில்தான் காவலூர் வானாய்வகம், 725 மீட்டர் உயரத்தில், காட்டு நடுவில் வெள்ளைக் குவிமாடம். 1977-ல் யுரேனஸுக்கு வளையம் இருப்பது தெரிந்தபோது அங்கே இருக்கிற ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அதைப் பார்த்துப் பதிவு செய்தது. 1986-ல் ராஜீவ் காந்தி வந்து 2.3 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கியைத் திறந்துவைத்தார். துளி அதிர்வு இருந்தாலும் நட்சத்திரம் கலங்கிவிடுகிற வேலை அங்கே நடக்கிறது, அந்த வாசல் வழியாக என் ஹெரால்டு இந்த நிதானத்தோடு போனதில் எனக்கு ஒரு அசட்டுப் பெருமை. வாட்ச்மேனிடம் போய் மட்கார்டை அழுத்தச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன், மச்சான் முன்கூட்டியே "வேணாம் மாமா" என்றுவிட்டான். அங்கிருந்து இறக்கத்தில்தான் உண்மையான பரீட்சை. இறக்கத்தில் பிரேக் போட்டால் எடை எல்லாம் முன்னால் போகும், பின்பக்கம் இலேசாகும், வீசும் ஆக்சில் மடங்கக் காத்திருக்கும், ஹெரால்டுக்காரர்கள் பயப்படுகிற இடமே இதுதான். மூக்கு மெதுவாகத் தாழ்ந்தது, அங்கேயே நின்றது, வால் தன் இடத்தில் இருந்தது. நான் ஒன்றும் ரேஸ் ஓட்டவில்லை, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் மிதியை இலேசாக மிதித்தபடியேதான் போனேன்; புது ஷாக் வந்தாலும் ஆக்சில் அதே ஆக்சில்தானே. ஆனால் பயம் போய்விட்டது சார், பயம் போய்விட்டது!

குறையே இல்லையா என்றால், ஊருக்குள் மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் கல்லை எல்லாம் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறது. அது குறையா? வண்டி ரோட்டோடு பேசுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். விலை கொஞ்சம் உறைக்கும், சுங்கவரி அதைவிட உறைக்கும், அந்தத் தொகையை என் மனைவியிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

பழைய ஷாக்குகளை அண்ணன் காயலான் கடைக்குப் போட்டுவிடவா என்று கேட்டார், கொடுக்கவில்லை. ஒன்றை டிக்கியில் வைத்திருக்கிறேன். ஹெரால்டா, அந்த வால் வீசுகிற வண்டியா என்று யாராவது ஆரம்பித்தால் அதை எடுத்துக் கையில் கொடுத்து, விரலால் தள்ளிப் பாருங்கள் என்கிறேன். பிறகு சாவியை எடுக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி மலைக்குப் போகிறோம், என் மனைவி முன்சீட்டைக் கேட்டுவிட்டாள், மச்சான் பின்சீட்டுக்குத் தள்ளப்பட்டதில் கோபமாக இருக்கிறான். அவன் பக்கத்தில் ஒரு இடம் காலி, வேர்க்கடலை நான் வாங்கித் தருகிறேன், யார் வருகிறீர்கள்?